வெளிநாட்டில் வேலை பறிபோனால் எத்தனை நாட்கள் தங்கலாம்? நாடு வாரியாக ஒரு விளக்கம்

புது தில்லி: வெளிநாட்டுப் பணிக்கான நியமனக் கடிதம் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது ஊதியத்தைத்தான். அதை ரூபாயில் மாற்றிக் கணக்கிட்டு, உள்ளூர் ஊதியத்துடன் ஒப்பிட்டு முடிவெடுக்கின்றனர். ஆனால், அந்தப் பணி எவ்வளவு நிலையானது என்பதை ஊதியத் தொகை சொல்வதில்லை. வேலை பறிபோகும் நாளில், அந்த நாட்டில் தங்கும் உரிமை ஊழியரின் கையில் இருக்குமா, நிறுவனத்தின் கையில் இருக்குமா என்பதே அதைத் தீர்மானிக்கிறது.

2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆட்குறைப்பில் இறங்கியபோது இந்த வேறுபாடு வெளிப்படையாகத் தெரிந்தது. ஒரே அலுவலகத்தில், ஒரே நாளில் வேலை இழந்த இருவரில், நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றவர் அடுத்த வேலையைத் தேடினால் போதும். தற்காலிக விசாவில் இருப்பவரோ வேலை தேடுவதுடன் நாட்களையும் எண்ண வேண்டும். பிள்ளைகளின் பள்ளி, வீட்டு வாடகை ஒப்பந்தம், வங்கிக் கடன் ஆகிய அனைத்தும் அந்த நாட்களுக்குள் அடங்கிவிடுகின்றன.

மருத்துவம், செவிலியர், பொறியியல், தகவல் தொழில்நுட்பம் போன்ற துறைகளில் வெளிநாடு செல்வோர் பயணத்துக்கு முன்பே மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்துகொள்வது அவசியம். விசா ஒரே நிறுவனத்துடன் பிணைக்கப்பட்டதா? வேலை இழந்தால் எவ்வளவு அவகாசம் கிடைக்கும்? நிரந்தரக் குடியிருப்பு உரிமையைப் பெற எத்தனை ஆண்டுகள் ஆகும்? இந்தியர்கள் அதிகம் செல்லும் சில நாடுகளில் இக்கேள்விகளுக்கான விடை, 2025ஆம் ஆண்டு விதிமுறைகளின் அடிப்படையில் கீழே தரப்படுகிறது.

அமெரிக்கா: 60 நாட்கள்

அமெரிக்காவின் எச்-1பி விசா ஆண்டுக்கு 65,000 பேருக்கும், அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் பட்டம் பெற்ற மேலும் 20,000 பேருக்கும் என்ற உச்சவரம்புக்குள் வழங்கப்படுகிறது. அங்கீகரிக்கப்படும் எச்-1பி மனுக்களில் 70 சதவீதத்துக்கும் மேல் இந்தியாவில் பிறந்தவர்களுடையவை. முதலில் மூன்று ஆண்டுகளுக்கும், பின்னர் நீட்டிப்புடன் மொத்தம் ஆறு ஆண்டுகளுக்கும் இந்த விசாவில் பணியாற்றலாம். கிரீன் கார்டு நடைமுறை குறிப்பிட்ட கட்டத்தை எட்டியிருந்தால் அதற்கு மேலும் நீட்டிப்பு கிடைக்கும்.

வேலை இழந்தவருக்கு அதிகபட்சம் 60 நாட்கள் அவகாசம் உண்டு. 2017 ஜனவரி முதல் இவ்விதி நடைமுறையில் உள்ளது. தங்குவதற்கான அனுமதி அதற்கு முன்பே முடிவடைந்தால், அந்த நாள் வரை மட்டுமே அவகாசம். பொதுவாக, ஊதியம் வழங்கப்பட்ட கடைசிப் பணி நாளிலிருந்து இக்கணக்கு தொடங்குகிறது. பணிநீக்க இழப்பீடு பின்னர் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தாலும் கணக்கு மாறாது. இந்த 60 நாட்களுக்குள் புதிய நிறுவனம் மனு தாக்கல் செய்துவிட்டால், அதன் மீதான முடிவு வருவதற்கு முன்பே அங்கு பணியில் சேரலாம். வேறு விசா பிரிவுக்கு மாற விண்ணப்பிக்கவும் இயலும்.

விசா காலம் முடிவதற்கு முன்பே பணிநீக்கம் செய்யும் நிறுவனம், ஊழியர் தாயகம் திரும்புவதற்கான நியாயமான பயணச் செலவை ஏற்க வேண்டும் என்பதும் விதியாகும். இதைப் பலர் அறிந்திருப்பதில்லை.

நிரந்தரக் குடியிருப்பு உரிமைதான் இந்தியர்களுக்குப் பெரும் தடையாக உள்ளது. பணி சார்ந்த கிரீன் கார்டுகள் ஆண்டுக்குச் சுமார் 1.40 லட்சம் மட்டுமே வழங்கப்படுகின்றன. குடும்பத்தினரும் இந்த எண்ணிக்கையில் அடங்குவர். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் ஒதுக்கப்படுவதில்லை என்பதால், இந்தியர்களின் காத்திருப்பு பத்தாண்டுகளைத் தாண்டிச் செல்கிறது. எனினும், நிறுவனம் தாக்கல் செய்த குடியேற்ற மனு ஒப்புதல் பெற்று 180 நாட்கள் கடந்திருந்தால், பின்னர் அந்நிறுவனம் மனுவைத் திரும்பப் பெற்றாலும் வரிசையில் கிடைத்த முன்னுரிமைத் தேதி பறிபோகாது.

அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்காகத் தாக்கல் செய்யப்படும் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் விதிக்கும் பிரகடனத்தை அதிபர் டொனால்ட் டிரம்ப் 2025 செப்டம்பரில் பிறப்பித்தார். வேலை இழந்து இந்தியா திரும்பிய ஒருவரை மீண்டும் அழைக்க நினைக்கும் நிறுவனத்துக்கு இது பெரும் செலவாக அமையக்கூடும். எனவே, 60 நாட்களின் முக்கியத்துவம் முன்பைவிடக் கூடியுள்ளது.

பிரிட்டன்: கடிதம் வந்த பின்னரே கணக்கு

பிரிட்டனில் திறன்மிகு பணியாளர் விசா 2020 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. உரிமம் பெற்ற நிறுவனம் ஸ்பான்சராக இருந்தால்தான் இவ்விசா கிடைக்கும். ஊழியர் பணியிலிருந்து விலகினாலோ நீக்கப்பட்டாலோ, அந்நிறுவனம் 10 வேலை நாட்களுக்குள் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் பின்னர் உள்துறை அனுப்பும் கடிதம், பொதுவாக 60 நாட்களுக்கு விசா காலத்தைக் குறைக்கிறது. விசாவில் அதைவிடக் குறைந்த நாட்களே மீதமிருந்தால் அந்த நாட்கள் மட்டுமே கிடைக்கும்.

நிறுவனம் மாறுவோர் புதிதாக விண்ணப்பித்து, அதற்கு ஒப்புதல் கிடைத்த பின்னரே புதிய பணியில் சேர முடியும். மனு தாக்கல் செய்ததுமே பணியில் சேர அனுமதிக்கும் அமெரிக்க விதியிலிருந்து இது மாறுபட்டது.

நிறுவனம் தன் ஸ்பான்சர் உரிமத்தை இழந்தாலும் இதே நிலைதான் ஏற்படும். முதியோர் பராமரிப்புத் துறையில் பல நிறுவனங்களின் உரிமம் ரத்து செய்யப்பட்டபோது, தவறேதும் செய்யாத வெளிநாட்டு ஊழியர்கள் புதிய ஸ்பான்சரைத் தேடி அலைய நேர்ந்தது. ஸ்பான்சர்ஷிப் சான்றிதழுக்கான கட்டணத்தை ஊழியரிடம் வசூலிக்க நிறுவனங்களுக்கு அனுமதி இல்லை. அச்சான்றிதழுக்காக லட்சக்கணக்கில் பணம் கேட்கும் இடைத்தரகர்களைச் சந்தேகத்துடன் அணுக வேண்டும்.

2024 ஏப்ரலில் 38,700 பவுண்டாக உயர்த்தப்பட்ட பொது ஊதிய வரம்பு, 2025 ஜூலை 22 முதல் 41,700 பவுண்டாக மீண்டும் உயர்த்தப்பட்டது. பணிக்கான தகுதியும் பட்டப்படிப்பு நிலைக்கு உயர்த்தப்பட்டது. பராமரிப்புப் பணியாளர்களை வெளிநாடுகளிலிருந்து புதிதாகச் சேர்ப்பதும் அன்றுடன் நிறுத்தப்பட்டது. நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு ஐந்து ஆண்டுகள் என்றிருந்த வழக்கமான காலத்தைப் பத்து ஆண்டுகளாக்கும் யோசனையை 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் அந்நாட்டு அரசு முன்வைத்தது. ஒருவர் புறப்படும்போது உள்ள விதி, அவர் தகுதி பெறும் ஆண்டிலும் அப்படியே இருக்கும் என்ற உறுதி இல்லை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

ஜெர்மனி: உரிமைகள் அதிகம், மொழி அவசியம்

திறன்மிகு குடியேற்றச் சட்டத்தை 2020 மார்ச்சில் நடைமுறைப்படுத்திய ஜெர்மனி, 2023 நவம்பர் முதல் அதை மேலும் தளர்த்தியது. இந்தியத் திறன்மிகு பணியாளர்களுக்கான ஆண்டு விசா எண்ணிக்கையை 20,000லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. பட்டதாரிகளுக்கான ஐரோப்பிய ஒன்றிய புளூ கார்டு பெற 2025இல் ஆண்டு ஊதியம் குறைந்தது 48,300 யூரோ இருக்க வேண்டியிருந்தது. ஆள் பற்றாக்குறை நிலவும் துறைகளில் இவ்வரம்பு அவ்வாண்டில் 43,759.80 யூரோவாக இருந்தது.

புளூ கார்டு பெற்றவர் 27 மாதங்களில் நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஜெர்மன் மொழியில் பி1 நிலைத் தேர்ச்சி இருந்தால் 21 மாதங்களே போதும். இந்தியர்கள் செல்லும் பெரிய நாடுகளில், தற்காலிக அனுமதியிலிருந்து நிரந்தர உரிமைக்கு மாறும் மிகக் குறுகிய பாதைகளில் இதுவும் ஒன்று.

வேலை இழந்தவர் இரண்டு வாரங்களுக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறையின்படி, புளூ கார்டு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகாதவர் மூன்று மாதங்களும், அதற்கு மேற்பட்டவர் ஆறு மாதங்களும் வேலையின்றி இருப்பதைக் காரணமாகக் காட்டி அனுமதியைப் பறிக்க முடியாது. முந்தைய 30 மாதங்களில் 12 மாதங்கள் காப்பீட்டுத் தொகை செலுத்தியிருந்தால், நிகர ஊதியத்தில் 60 சதவீதமும், குழந்தைகள் உள்ளவர்களுக்கு 67 சதவீதமும் வேலையின்மை உதவித்தொகையாகக் கிடைக்கும். பணிநீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளர் நீதிமன்றத்தை அணுக விரும்புவோர் மூன்று வாரங்களுக்குள் வழக்குத் தொடர வேண்டும்.

அதேவேளையில், ஆறு மாதங்கள் வரையிலான தகுதிகாண் பருவத்தில் இரண்டு வார முன்னறிவிப்புடன் பணியிலிருந்து நீக்க முடியும். முதல் ஆறு மாதங்களில் கையிருப்பைக் கரைத்துவிடாமல் இருப்பது நல்லது என்று கூறப்படுவதன் காரணம் இதுவே. மென்பொருள் துறையில் ஆங்கிலம் கொண்டு பணியைப் பெற்றுவிடலாம். ஆனால், வேலை இழந்த பின்னர் அடுத்த வேலையைத் தேடும்போது, ஜெர்மன் மொழி அறியாதவருக்கு வாய்ப்புகள் வெகுவாகச் சுருங்கிவிடுகின்றன.

ஆஸ்திரேலியா, கனடா

ஆஸ்திரேலியாவில் நிறுவனம் ஸ்பான்சர் செய்யும் தற்காலிகத் திறன் விசாவில் இருப்பவர்களுக்கு 2024 ஜூலை 1 முதல் ஒரே தடவையில் 180 நாட்கள் வரையும், விசா காலம் முழுவதிலும் மொத்தம் 365 நாட்கள் வரையும் அவகாசம் அளிக்கப்படுகிறது. அக்காலத்தில் வேறு நிறுவனங்களில் பணியாற்றவும் அனுமதி உண்டு. அதற்கு முன்பு இந்த அவகாசம் 60 நாட்களாக மட்டுமே இருந்தது. ஊழியர் பணியிடச் சுரண்டலைச் சகித்துக்கொண்டு ஒரே நிறுவனத்தில் சிக்கிக் கிடப்பதைத் தவிர்க்கவே இம்மாற்றம் கொண்டுவரப்பட்டது.

கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை 2015 ஜனவரியில் தொடங்கப்பட்டது. வயது, கல்வி, மொழித்திறன், அனுபவம் ஆகியவற்றுக்கான மதிப்பெண்களின் அடிப்படையில் தேர்வு பெறுவோர் நிரந்தரக் குடியிருப்பு உரிமையுடனேயே குடியேறுகின்றனர். வேலை போனாலும் தங்கும் உரிமை போகாது. ஐந்தாண்டுகளில் 730 நாட்கள் அங்கு வசித்திருக்க வேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை.

இங்குள்ள சிக்கல் வேறு வகையானது. தங்கும் உரிமை உறுதியாக இருந்தாலும், தகுதிக்கேற்ற வேலை உறுதியில்லை. மருத்துவர், செவிலியர், பொறியாளர் போன்றோர் அந்தந்த மாகாணத்தின் உரிமத்தைப் பெற வேண்டும். உள்ளூர் அனுபவம் இல்லை என்று கூறி நிராகரிப்பதும் நீண்டகாலப் புகாராக உள்ளது. ஒன்டாரியோ மாகாணத்தில் 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்கள், பொது வேலைவாய்ப்பு விளம்பரங்களில் கனடா அனுபவத்தை நிபந்தனையாகக் குறிப்பிடுவதற்கு 2026 ஜனவரி 1 முதல் தடை விதிக்கச் சட்டம் இயற்றப்பட்டது இதனால்தான். மேலும், புதிய நிரந்தரக் குடியேறிகளின் எண்ணிக்கையை 2025இல் 3.95 லட்சமாகவும், 2027இல் 3.65 லட்சமாகவும் குறைக்க அந்நாடு 2024இல் இலக்கு நிர்ணயித்தது.

வளைகுடாவும் சிங்கப்பூரும்

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தொழிலாளர் சட்டத்தின்படி, தகுதிகாண் பருவம் ஆறு மாதங்களைத் தாண்டக் கூடாது. அப்பருவத்தில் பணிநீக்கம் செய்ய 14 நாட்கள் முன்னறிவிப்பு தேவை. அதன் பின்னர் முன்னறிவிப்புக் காலம் 30 முதல் 90 நாட்கள் வரை இருக்கலாம். ஆள்சேர்ப்புச் செலவை ஊழியர் மீது சுமத்தவும், கடவுச்சீட்டைப் பிடித்து வைக்கவும் நிறுவனங்களுக்கு உரிமை இல்லை.

2023 ஜனவரியில் அங்கு கட்டாய வேலையின்மைக் காப்பீடு அறிமுகமானது. தொடர்ந்து 12 மாதங்கள் சந்தா செலுத்தியவர், தாமாக விலகாமல் வேலை இழந்தால், அடிப்படை ஊதியத்தில் 60 சதவீதத்தை மூன்று மாதங்கள் வரை பெறலாம். பணிக்கொடையாக முதல் ஐந்து ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டுக்கும் 21 நாட்கள் அடிப்படை ஊதியமும், அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு 30 நாட்கள் ஊதியமும் வழங்கப்படும். இவை அனைத்தும் அடிப்படை ஊதியத்தின் மீதே கணக்கிடப்படுகின்றன. ஆகவே, மொத்த ஊதியத்தில் படிகளின் பங்கு அதிகமாக இருந்தால் இறுதியில் கைக்கு வருவது குறையும். பத்தாண்டு கோல்டன் விசா பெறும் சிலரைத் தவிர, மற்றவர்களில் பெரும்பாலோரின் தங்கும் உரிமை பணியுடனேயே பிணைந்திருக்கும்.

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரில், எம்ப்ளாய்மென்ட் பாஸ் ரத்தானதும் பொதுவாக 30 நாட்களுக்கான குறுகியகால அனுமதி மட்டுமே கிடைக்கும். இக்கட்டுரையில் குறிப்பிடப்படும் நாடுகளில் மிகக் குறுகிய அவகாசங்களில் இதுவும் ஒன்று.

இரண்டாவது வருமானம்

நிலைத்தன்மையை ஒரு குடும்பத்தின் கணக்காகப் பார்த்தால், வாழ்க்கைத் துணைக்கு வேலை செய்யும் உரிமை உண்டா என்பதும் முக்கியமாகிறது. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் திறன்மிகு பணியாளரின் துணைவர் பணியாற்றலாம். அமெரிக்காவில் எச்-1பி ஊழியரின் கிரீன் கார்டு நடைமுறை குறிப்பிட்ட கட்டத்தை எட்டியிருந்தால்தான் துணைவர் வேலைக்கான அனுமதி கோர முடியும். 2015 முதல் இந்த ஏற்பாடு உள்ளது. சிங்கப்பூரில் 2021 மே முதல், சார்ந்து வாழ்வோர் பணியாற்றத் தனியாகப் பணி அனுமதி பெற வேண்டும். ஒருவர் வேலை இழக்கும்போது மற்றவரின் வருமானம் தொடருமா என்பதை இவ்விதிகளே முடிவு செய்கின்றன.

தகுதிச் சான்று எனும் அடித்தளம்

செவிலியர்களைப் பொறுத்தவரை, விசாவைவிடத் தொழில் உரிமம் கூடுதல் பாதுகாப்பு அளிக்கிறது. பிரிட்டனில் கணினிவழித் தேர்வும் செய்முறைத் தேர்வும், அமெரிக்காவில் என்கிளெக்ஸ் தேர்வும், ஜெர்மனியில் மொழித் தேர்ச்சியுடன் கல்வித் தகுதி அங்கீகாரமும் தேவை. அங்கீகாரம் முழுமை பெறாதவர் ஜெர்மனியில் உதவிச் செவிலியருக்குரிய ஊதியத்தில் தொடர நேரிடலாம். உரிமம் கையில் இருப்பவரோ ஒரு மருத்துவமனை கைவிட்டாலும் இன்னொரு மருத்துவமனைக்குச் செல்ல இயலும். எனவே, உரிமத் தேர்வுக்கான செலவை ஏற்பது யார், தேர்ச்சி பெறத் தவறினால் நிலை என்ன, ஒப்பந்தக் காலத்துக்கு முன் விலகினால் திருப்பிச் செலுத்த வேண்டிய தொகை எவ்வளவு ஆகிய விவரங்கள் ஒப்பந்தத்தில் எழுத்து வடிவில் இருக்க வேண்டும்.

ஓய்வூதியப் பங்களிப்பு என்னவாகும்?

வெளிநாட்டில் செலுத்தும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு பின்னர் பயன்படுமா என்பதும் நாட்டைப் பொறுத்தது. இந்தியா-ஜெர்மனி சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே 1 முதல் அமலில் உள்ளது. இதன்படி, இரு நாடுகளிலும் பணியாற்றிய காலத்தைச் சேர்த்து ஓய்வூதியத் தகுதியைக் கணக்கிட முடியும். அமெரிக்காவுடன் இத்தகைய ஒப்பந்தம் இல்லை. அங்கு ஓய்வூதியத்துக்குச் சுமார் பத்தாண்டுப் பங்களிப்பு தேவைப்படுகிறது. எச்-1பி விசாவின் வழக்கமான உச்சவரம்போ ஆறு ஆண்டுகள். இடையில் நாடு திரும்புவோருக்கு அந்தப் பங்களிப்பு பெரும்பாலும் பயனின்றிப் போகிறது.

புறப்படும் முன் சரிபார்க்க வேண்டியவை

ஆள்சேர்ப்பு முகவர், வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். பதிவு பெற்ற முகவர், சேவைக் கட்டணமாக ரூ.30,000 மற்றும் அதற்கான ஜிஎஸ்டிக்கு மேல் வசூலிக்கக் கூடாது. குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குச் செல்லும் செவிலியர்கள், பட்டம் பெற்றிருந்தாலும் இத்தளத்தின் வழியாகவே அனுமதி பெற வேண்டும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் செயல்பட்டு வருகிறது. கேரளத்தில் நோர்கா ரூட்ஸ், ஒடெபெக் ஆகியவையும், தெலங்கானாவில் டாம்காமும் இதே பணியைச் செய்கின்றன.

தாய்லாந்தில் தகவல் தொழில்நுட்பப் பணி என்று அழைத்துச் செல்லப்பட்டு, மியான்மர், கம்போடியா உள்ளிட்ட நாடுகளில் இணைய மோசடிக் கும்பல்களிடம் இந்திய இளைஞர்கள் சிக்கியது குறித்து வெளியுறவு அமைச்சகம் 2022 முதல் எச்சரித்து வருகிறது. சுற்றுலா விசாவில் வரச் சொல்லி, அங்கு சென்ற பின்னர் பணி விசாவாக மாற்றித் தருவதாகக் கூறும் அழைப்புகளை ஏற்கக் கூடாது. வெளிநாட்டில் சிக்கலுக்கு உள்ளாவோர் அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் முறையிடலாம்.

வேலை பறிபோகும் நிலை ஏற்பட்டால், கடைசிப் பணி நாள் எது என்பதை எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறுவதே முதல் நடவடிக்கையாக இருக்க வேண்டும். பெரும்பாலான அவகாசங்கள் அதையொட்டியே கணக்கிடப்படுகின்றன. ஊதியச் சீட்டுகள், பணி அனுபவச் சான்று, விசா மனுவின் நகல், வரி ஆவணங்கள் ஆகியவற்றை அலுவலகக் கணினியில் மட்டும் வைத்திராமல் தனியே சேமித்து வைப்பது நல்லது. பணிநீக்கம் அறிவிக்கப்பட்ட சில மணி நேரத்திலேயே அலுவலக மின்னஞ்சல் முடக்கப்படுவது வழக்கமாகிவிட்டது.

அவகாசம் 60 நாட்கள் எனில், அந்த இரு மாதச் செலவுடன் குடும்பத்தினர் அனைவருக்குமான திரும்பு பயணச் செலவையும் சேர்த்த தொகை எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். விதிமுறைகள் அடிக்கடி மாறுவதால், விண்ணப்பிக்கும் முன் அந்தந்த நாட்டு அரசின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் நடப்பு நிலவரத்தைச் சரிபார்த்துக்கொள்வது அவசியம்.